உயர்வானத்துப் பனிக்கட்டி மேகங்களும் அவற்றால் உழவர் அறியத்தக்க குறிகளும்

விவசாயத் தொழிலில் ஈடுபட்டோர் ஆகாயத்தைப் பார்த்துக் குறி அறிவது புதிய வழக்கமன்று. களத்தில் நெல்லைப் பரப்பியவரும், உப்புப் பாத்தியில் நீரைத் தேக்கியவரும், நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச எண்ணியவரும் விடியற்காலையில் முதன்முதலாக நோக்குவது வானத்தையே. திரண்டு கறுத்துத் தாழ்ந்துவரும் மேகத்தின் பொருளை அறியாதவர் இல்லை. ஆனால் மிக உயரத்தில், கொட்டிய பஞ்சைப் போலவும், பிரித்துப் போட்ட வைக்கோலைப் போலவும், சில வேளை வானம் முழுவதையும் மூடிய மல்லுத் துணியைப் போலவும் வெண்மையாகப் படரும் மேகத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. மழைக்கு அது முன்னோடி என்பர் சிலர். மழை இல்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்பர் வேறு சிலர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை இருக்கிறது. எந்தப் பருவத்தில் எவர் கூற்றுப் பொருந்தும் என்பதே கவனிக்கத்தக்கது. அதனை அறியவேண்டுமாயின், இம்மேகம் எப்படி உண்டாகிறது, எதனால் நெடுநேரம் அழியாமல் நிற்கிறது, எந்தக் காற்று எங்கிருந்து அதைக் கொண்டுவருகிறது என்னும் மூன்று விஷயங்களும் விளங்கவேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கேளம்பாக்கம் இவ்விஷயத்தை ஆராய்வதற்கு ஏற்ற ஊராகும். அதன் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழியும், அவற்றுக்கு அப்பால் கோவளத்துக் கடலும் உள்ளன. மேற்கே ஏரிகளும் வயல்களும், அவற்றினிடையே நாளுக்கு நாள் பெருகிவரும் குடியிருப்புகளும் காணப்படுகின்றன. உப்பளங்களுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற பக்கம் இது. இதற்கு வடக்கே ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீனம்பாக்கத்தில், இந்திய வானிலைத் துறையினர் கருவிகள் கட்டிய பலூன்களை மேலே விட்டு, ஆகாயத்தின் உஷ்ணநிலை, ஈரம், காற்றின் போக்கு ஆகியவற்றை அளந்து வருகின்றனர். வடமேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்திருக்கிறது. அங்கே ஜப்பானியரின் கூட்டுறவுடன் 1998ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லிடார் என்னும் கருவி, லேசர் ஒளியை மேல்நோக்கிச் செலுத்தித் திரும்பிவரும் ஒளியைக் கொண்டு உயர்மேகங்களின் உயரத்தையும் கனத்தையும் அளந்தது. ஆகவே இப்பக்கத்து வானத்தைக் குறித்துச் சொல்லப்படும் செய்திகள் ஊகமல்ல, அளந்து அறியப்பட்டவை.

மேலே செல்லச் செல்லக் குளிர்தல்

தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6 முதல் 7 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணம் குறைகிறது. கேளம்பாக்கத்தில் சித்திரை வெயில் 38 டிகிரியாகக் காயும் நாளிலுங்கூட, அவ்வூருக்கு நேர்மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் இருக்கிறது. 10 முதல் 11 கிலோமீட்டர் உயரத்தில் உஷ்ணநிலை சுழிக்குக் கீழ் 40 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். 16 முதல் 17 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது 10 மைலுக்கு மேலே, அது சுழிக்குக் கீழ் 80 டிகிரி வரை தாழ்கிறது. அதற்கு மேலும் ஏறினால் குளிர் குறைந்து உஷ்ணம் கூடத் தொடங்கும். குளிர்தல் நின்றுபோகும் அந்த எல்லை, எழும் மேகங்களுக்கெல்லாம் ஒரு கூரை போல் அமைந்துள்ளது.

இக்கூரை எல்லா நாடுகளிலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஐரோப்பா போன்ற நாடுகளில் அது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்திலேயே அமைந்துவிடுகிறது. அங்குள்ள குளிரும் சுழிக்குக் கீழ் 55 அல்லது 60 டிகிரியளவில் நின்றுவிடும். வெப்பமண்டலத்தில் தரை மிகச் சூடாக இருப்பதால், காற்று மிக உயரம் எழுந்து மிகுதியாகக் குளிர்கிறது. தரையில் மிகுந்த வெப்பமுள்ள நாடுகளின் மேல்வானத்திலேதான் மிகக் கொடிய குளிர் நிலவுகிறது என்பது வியப்பாகத் தோன்றினும் உண்மையாகும். உயர்வானத்துப் பனிக்கட்டி மேகங்கள் வெப்பமண்டலத்தில் மலிந்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். 2006ஆம் ஆண்டு முதல் 2023ஆம் ஆண்டு வரை பூமியைச் சுற்றிவந்த கலிப்ஸோ என்னும் செயற்கைக்கோளும் லேசர் ஒளியால் மேகங்களை அளந்தது. வெப்பமண்டலத்தின் சில பகுதிகளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இம்மேகங்கள் இருப்பதை அது காட்டியது. அவற்றுள் பல, தரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியவை.

உறையும் விதம்

நீர் சுழி டிகிரியில் உறையும் என்பது குடத்து நீருக்கும் குளத்து நீருக்கும் பொருந்தும். மேகத்திலுள்ள மிகச்சிறு நீர்த்துளிகள் அவ்விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. தயிர் உறைவதற்குப் பிறைமோர் வேண்டியிருப்பது போல, நீர்த்துளி உறைவதற்கும் ஏதேனும் ஒரு திடப்பொருளின் துகள் வேண்டும். மண்தூசி அவ்வாறு உதவுவதாகும். அத்தகைய துகள் கிடைக்காத துளி, சுழிக்குக் கீழ் 10, 20, 30 டிகிரி என்று குளிர்ந்தும் நீராகவே இருக்கும். ஆனால் சுழிக்குக் கீழ் 38 டிகிரியளவில் அந்தத் துளிக்கு எவ்வித உதவியும் தேவைப்படுவதில்லை, தானாகவே உறைந்துவிடும். ஆதலால் 11 கிலோமீட்டருக்கு மேலுள்ள மேகம் முழுவதும் பனிக்கட்டித் துகள்களால் ஆனதே என்று கொள்ளலாம்.

இத்துகள்கள் இரண்டு வழிகளில் பிறக்கின்றன. முதல் வழி இடிமேகத்தின் வழியாகும். ஈரமான வெப்பக்காற்று மேலெழுந்து பெரிய இடிமேகமாகும்போது, அது ஒரு மணி நேரத்திற்குள்ளேயே 14 அல்லது 15 கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிடக்கூடும். அடுக்களையில் எழும் புகை கூரையை முட்டியதும் நாற்புறமும் பரவுவது போல, அந்த மேகத்தின் உச்சியும் மேற்சொன்ன கூரையை அணுகியதும் பக்கவாட்டில் விரிகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது கொல்லன் பட்டடையைப் போலத் தோன்றும். மழை பெய்து அடிமேகம் கலைந்த பின்னும், மேலே விரிந்த பனிக்கட்டிப் பரப்பு மாத்திரம் அறுந்து மிதக்கிறது. அதுவே காற்றில் இழுபட்டுக் கீற்று மேகமாகவும் திரை மேகமாகவும் ஆகிறது.

இரண்டாம் வழியில் இடிமேகம் வேண்டியதில்லை. மேல்வானத்துக் காற்று மெல்ல உயர்ந்தாலும், அதில் அலைகள் எழுந்தாலும், அது இன்னும் சிறிது குளிர்கிறது. அப்பொழுது அங்குள்ள நீராவி மிகுதியாகி, மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய உப்பு, கந்தகக் கரைசல் துளிகள் உறைந்து பனிக்கட்டித் துகள்களாகின்றன. கூரையை ஒட்டி இவ்வாறு தோன்றும் மேகம் சில நூறு மீட்டர் கனமே உடையதாயினும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கும்.

அழியாமல் நிற்பதன் காரணம்

கோடைப் பகலில் தாழ்ந்த உயரத்தில் தோன்றும் வெண்மேகத் திரள் அரைமணி நேரத்தில் கரைந்து மறைவதைக் காண்கிறோம் என்று குடியானவர்கள் கூறுவர். அவ்வாறிருக்க, மெல்லிய கீற்று மேகம் பல மணி நேரமும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் நிலைத்திருப்பது எங்ஙனம்? இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, துகள்களின் சிறுமை. நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துகள் நொடிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வேகத்தில்தான் விழும். அதாவது மணிக்கு 36 மீட்டர். ஒரு முழு நாளில் 900 மீட்டருக்கும் குறைவு. இவற்றினும் பெரிய துகள்கள் நொடிக்கு 30 சென்டிமீட்டர் போன்ற வேகத்தில், மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்குகின்றன. பெரியவை முந்தி இறங்க, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வேகம் மாறுபடுவதால் அவை இழைகளாக இழுக்கப்படுகின்றன. கீற்று மேகத்தின் வளைந்த வால் அவ்வாறு உண்டாவதே.

இரண்டாவது, பனிக்கட்டியின் தன்மை. ஒரே குளிர்நிலையில், நீர்த்துளி ஆவியாகாமல் நிற்பதற்கு வேண்டிய ஈரத்தைக் காட்டிலும் பனிக்கட்டி நிற்பதற்கு வேண்டிய ஈரம் குறைவு. சுழிக்குக் கீழ் 40 டிகிரியில் முன்னது பின்னதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆகையால் நீர்மேகம் கரைந்துபோகும் காற்றில் பனிக்கட்டி மேகம் கரையாமல் நிற்பதோடு, சில சமயம் வளரவும் செய்கிறது. மிக உயரத்தில் செல்லும் வானூர்தியின் பின்னே சில நாட்களில் வெண்கோடு தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அக்கோடு உடனே மறைந்தால் மேல்வானம் வறண்டிருக்கிறது என்றும், நெடுநேரம் நின்று அகன்று பரவினால் மேல்வானத்தில் பனிக்கட்டிக்குப் போதிய ஈரம் இருக்கிறது என்றும் அறியலாம். பனிக்கட்டி மேகம் நிலைப்பதற்கும் நிலையாமைக்கும் இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, கடுங்குளிர். சுழிக்குக் கீழ் 70, 80 டிகிரியில் பனிக்கட்டி ஆவியாக மாறுவது மிக மந்தமாக நடக்கும். காற்று சற்று வறண்டாலும் துகள் உடனே அழிந்துவிடாது.

நான்காவது, கீழிருந்து வரும் வெப்பம். சூடான தரையும் கடலும் வெளிவிடும் வெப்பக்கதிர்களில் ஒரு பகுதியை இம்மேகம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் மேகத்தினுள்ளிருக்கும் காற்று சிறிது சூடேறி இலேசாக மேலெழுகிறது. துகள்கள் விழும் வேகம் மிகக் குறைவாதலால், இம்மெல்லிய எழுச்சியே அவற்றைத் தாங்கிப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் போதுமானதாகும்.

இம்மேகம் தானே மழை தருமா?

தராது. இதைக் கணக்கிட்டே காட்டலாம். தரையில் 30 டிகிரி உஷ்ணமுள்ள ஈரக்காற்று ஒரு கன மீட்டரில் 30 கிராம் நீராவி வரை தாங்கும். கூரையின் அருகே, சுழிக்குக் கீழ் 80 டிகிரியில், அதே கன மீட்டர் காற்று ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. கீற்று மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு நூறில் ஒரு கிராம் பனிக்கட்டி இருப்பதாகவும், மேகம் ஒரு கிலோமீட்டர் கனமுள்ளதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே உள்ள பனிக்கட்டி மொத்தம் 10 கிராம். அது முழுவதும் நீராக இறங்கினாலும் நூறில் ஒரு மில்லிமீட்டர் மழைதான். அதுவும் வரும் வழியிலேயே ஆவியாகிப்போகும். ஆகவே உயர்வானத்துப் பனிக்கட்டி மேகத்திலிருந்து கேளம்பாக்கத்தில் ஒரு துளி மழையும் விழாது. அது எங்கோ பெய்த, அல்லது எங்கோ பெய்துகொண்டிருக்கும் மழையின் எச்சமாக மாத்திரம் இருக்கக்கூடும். அந்த ‘எங்கோ’ என்பது அணித்தாக இருக்கிறதா, அகன்றதாக இருக்கிறதா என்பதே உழவர் கேட்கவேண்டிய கேள்வி.

ஆடி, ஆவணியில் மேல்வானத்துக் கொண்டல்

தென்மேற்குப் பருவக்காலத்தில் கேளம்பாக்கத்தில் தரையை ஒட்டி வீசுவது பெரும்பாலும் மேல்காற்று. தமிழர் கோடை என்று பெயரிட்டழைத்தது. அப்பருவத்தில் வானத்தை ஊன்றிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும். அதே சமயத்தில், மிக உயரத்திலுள்ள கீற்று மேகங்கள் கடலிலிருந்து மேற்கே செல்லும். கீழே கோடை வீசும்போது மேலே கொண்டல் வீசுகிறது.

இந்த மேல்வானத்துக் கொண்டல் சாதாரணக் காற்றன்று. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1958ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து விவரித்தார். ஜூன் முதல் செப்டம்பர் வரை, சென்னையின் அட்சரேகையை ஒட்டியே, சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இது ஆறு போல் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். சில நாட்களில் 140 கிலோமீட்டரையும் எட்டும். கோடையில் ஆசியக் கண்டத்தின் பெருநிலமும் திபெத்து மேட்டுநிலமும் மிகுதியாகச் சூடேற, தெற்கே இந்து மகாசமுத்திரம் அதனினும் குளிர்ந்திருப்பதே இக்காற்றோட்டத்துக்குக் காரணம்.

அப்பருவத்தில் வங்காள விரிகுடாவின் மேல் பெரிய இடிமேகங்கள் இடைவிடாமல் எழுகின்றன. அவற்றின் உச்சியிலிருந்து அறுபடும் பனிக்கட்டிப் பரப்பை இந்தக் கொண்டல் வாரிக்கொண்டு மேற்கே வருகிறது. அந்தமானிலுள்ள போர்ட் பிளேயருக்கும் சென்னைக்கும் இடைத்தூரம் சுமார் 1,370 கிலோமீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும். பனிக்கட்டி மேகம் அவ்வளவு நேரம் நிலைக்கவல்லது என்பது மேலே விளக்கப்பட்டது. ஆகவே அந்தமான் பக்கத்துக் கடலில் மாலையில் எழுந்த மேகத்தின் எச்சம், மறுநாட் காலையில் கேளம்பாக்கத்தின் மேல் திரையாக விரிந்திருத்தல் கூடும். அதைப் பெற்றெடுத்த இடிமேகமோ அங்கேயே பெய்து ஓய்ந்திருக்கும். காதங்கியில் எடுத்த அளவுகளிலும் இம்மேகங்கள் தென்மேற்குப் பருவத்தில் மிகுந்தும் குளிர்காலத்தில் குறைந்தும் காணப்பட்டமை இதனோடு ஒத்திருக்கிறது.

மேல்மேகம் மிக மெதுவாக நகர்வதுபோல் தோன்றுவது கண்டு அதன் வேகத்தைக் குறைவாக மதித்தல் தவறு. 14 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மேகம், 1 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மேகத்தைக் காட்டிலும் நான்கு மடங்கு மந்தமாகச் செல்வதாகவே கண்ணுக்குத் தோன்றும். அசையாமல் நின்று, தென்னையின் உச்சியையோ வீட்டுக் கூரையின் முனையையோ குறியாக வைத்துப் பார்த்தால் அது செல்லும் திசை தெளிவாகும்.

ஆடி, ஆவணியில் இப்பக்கத்துக்கு மழை தரும் இடிமேகங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மேற்கிலிருந்து. பகல் வெயிலில் உள்நாட்டில் எழும் மேகங்கள் மாலையிலும் இரவிலும் கடற்கரையை நோக்கி நகர்கின்றன. அவற்றின் பனிக்கட்டி உச்சியையோ மேல்வானத்துக் கொண்டல் மேற்கே, அதாவது பின்னோக்கித் தள்ளிவிடுகிறது. ஆதலால் அந்த மழை வருமுன் கேளம்பாக்கத்தின் தலைக்குமேல் அதன் மேல்மேகம் முன்னறிவிப்பாக வந்து நிற்பதில்லை. அப்பருவத்தில் தலைக்குமேல் உள்ள கீற்று மேகம் ஒன்று, வரப்போகும் மழையின் மேகம் வேறு.

ஐப்பசி, கார்த்திகையில் அதே மேகத்தின் பொருள்

அக்டோபர் மாதத்தில் மேற்சொன்ன காற்றாறு ஓய்ந்துபோகிறது. வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் உண்டாகின்றன. புயலின் நடுவே எழும் இடிமேகங்களின் பனிக்கட்டி, மேலே எல்லாத் திசைகளிலும் பல நூறு கிலோமீட்டர் வரை விரிந்து ஒரு பெருங்குடை போலாகிறது. இக்குடையின் விளிம்பு புயலுக்கு முன்பே கரையை அடைகிறது.

விளிம்பு புயலின் நடுவிடத்திலிருந்து 500 கிலோமீட்டர் முன்னே இருப்பதாகவும், புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வருவதாகவும் கொண்டால், முதற்கீற்றுத் தோன்றுவதற்கும் புயல் வந்து சேர்வதற்கும் இடையே ஏறக்குறைய 33 மணி நேரம் கிடைக்கும். கதிரை அறுத்துச் சேர்ப்பதற்கும், வடிகாலைத் திறப்பதற்கும், மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டுவதற்கும், உப்பை வாரி அம்பாரமாக்கி மூடுவதற்கும் அந்நேரம் அரியது. மாண்டூஸ் புயல் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அவ்விடம் கேளம்பாக்கத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவே. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையேறியது. இப்பக்கத்தார்க்குப் புயல் என்பது கேள்விப்படும் செய்தியன்று, அநுபவித்த துன்பம்.

இக்காலத்தில் மேகங்கள் தோன்றும் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கிழக்கு அல்லது தென்கிழக்கு அடிவானத்தில் ஓரிடத்திலிருந்து கிளைத்து வருவனபோல் கீற்றுகள் தோன்றும். பிறகு திரை மேகம் வானத்தை மூடும். கதிரவனையும் மதியையும் சுற்றி வட்டம் தெரியும். அதன் பின் திரை தடித்துச் சாம்பல் நிறமாகி வட்டம் மறையும். இறுதியில் தாழ்ந்த மேகங்கள் வடகிழக்கிலிருந்து விரைந்து ஓடத் தொடங்கும். இவ்வரிசை முழுவதும் ஒரு நாளில் நிறைவேறினால் மழை அணித்தென்று கொள்ளலாம். முதலிரண்டு படிகளோடு நின்றுபோனால், புயல் வேறு திசையில் விலகியது அல்லது வலுவிழந்தது என்று பெரும்பாலும் துணியலாம்.

வட்டத்தைப் பற்றிய பழமொழி

கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை என்பது தமிழ்நாட்டு உழவரிடையே வழங்கும் பழமொழி. இதில் நுட்பமான பாகுபாடு ஒன்று அடங்கியிருக்கிறது. மதியை நெருங்கிச் சூழும் சிறு வட்டம், தாழ்ந்த அல்லது நடுத்தர உயரத்திலுள்ள நீர்த்துளி மேகத்தால் உண்டாவது. விலகி நிற்கும் பெரிய வட்டமோ, ஆறு பட்டையுள்ள பனிக்கட்டித் துகள்களின் வழியே ஒளி வளைந்து வருவதால் உண்டாவது. இதன் அளவு எக்காலத்தும் ஒன்றே. நடுவிலிருந்து விளிம்பு வரை 22 டிகிரி. கையை முன்னே நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே தோன்றும் அகலம் ஏறக்குறைய அவ்வளவாகும். பெருவிரல் நுனியை மதியின்மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொடுமாயின், மேலே பனிக்கட்டி மேகம் உள்ளது என்பது உறுதி. பகலில் இவ்வாறு பார்ப்பவர் கதிரவனைக் கையால் மறைத்துக்கொண்டே பார்க்கவேண்டும். நேரே நோக்கினால் கண்ணுக்குக் கேடு.

எட்ட வட்டம் கிட்ட மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் பெரிதும் பொருந்தும்; ஏனெனில் அப்போது பனிக்கட்டித் திரையைக் கொண்டுவருவது அணுகிவரும் புயலாக இருத்தல் கூடும். ஆடி, ஆவணியில் அது பொருந்தாது. ஏனெனில் அப்போது திரையைக் கொண்டுவருவது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஓடிவரும் காற்றாறு. பழமொழி பொய்யன்று, அதற்குரிய பருவம் ஒன்று உண்டு.

இதனைப் பகுத்தறியாததால் வரும் நஷ்டம் சிறிதன்று. செங்கற்பட்டுப் பக்கத்தில் சொர்ணவாரி நெல் ஆடி, ஆவணியில் களத்துக்கு வருகிறது. வட்டத்தைக் கண்டு மழைக்கு அஞ்சி, நல்ல வெயிலில் நெல்லைப் பரப்பாமல் குவித்து மூடினால், குவியலின் உள்ளே சூடேறி மணி நிறம் மாறும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்ற பொது விதி இருப்பதால், ஒரு நாள் வெயிலை இழப்பதும் விலையை இழப்பதாகவே முடியக்கூடும். உப்பளத்திலோ இதற்கு மாறான ஆபத்து உள்ளது. ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 10 லிட்டர் நன்னீரைச் சேர்க்கும். அந்நீர் மூன்றரைக் கிலோ உப்பு வரை கரைக்கவல்லது. புயற்காலத்தில் மேல்மேகத்தின் குறியை அசட்டை செய்தவர் பல நாள் உழைப்பை ஓர் இரவில் இழப்பார்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கும் முறை

தற்காலத்தில் செயற்கைக்கோள் எடுக்கும் மேகப்படங்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. இரவிலும் பகலிலும் வெளியாகும் வெப்பக்கதிர்ப் படத்தில் வெண்மை என்பது குளிர்ச்சியையே குறிக்கும், மழையைக் குறிக்காது. மிக உயரத்திலுள்ள பனிக்கட்டித் திரை, மழை தரும் இடிமேகத்தின் உச்சியைப் போலவே குளிர்ந்திருத்தலால், சற்றே தடித்த திரையும் அப்படத்தில் வெள்ளையாகத் தோன்றி மயக்கும். ராடார் படம் அவ்வாறன்று. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பட்டது போன்ற டாப்ளர் ராடார் மழைத்துளிகளையே முக்கியமாகக் காட்டும். மெல்லிய பனிக்கட்டி மேகம் அதில் தென்படாது. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் செங்கற்பட்டு மாவட்டம் வெள்ளையாகவும், ராடார் படத்தில் வெறுமையாகவும் இருந்தால், மேலே திரை மாத்திரம் உள்ளது, மழை இல்லை என்று அறியலாம்.

சுருக்கமாக அறியவேண்டியவை

1. உயர்வானத்துப் பனிக்கட்டி மேகம் தானாக மழை பெய்வதில்லை. அது வேறிடத்து மழையின் எச்சமாகவோ, மேல்வானத்திலேயே குளிரால் பிறந்ததாகவோ இருக்கும்.

2. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கிழக்கிலிருந்து வரும் மேல்மேகத்தைக் கண்டு களத்து வேலையை நிறுத்தவேண்டியதில்லை. பிற்பகலில் மேற்கு அடிவானத்தைப் பார்த்துக்கொள்வதே ஏற்றது. அங்கே மேகம் திரண்டு உயர்ந்தால் மாலைக்குள் நெல்லைக் குவித்து மூடவேண்டும்.

3. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து கீற்றுகள் கிளைத்து வந்து, திரையாகி, பெரிய வட்டம் காட்டித் தடிக்குமாயின், அன்றே முன்னேற்பாடுகளைத் தொடங்கவேண்டும்.

4. இக்குறிகள் புயல் கரையேறும் இடத்தைக் காட்டமாட்டா. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைப் பகுதியில் பெருமழை பெய்வித்து, 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. இடத்தையும் வேகத்தையும் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

5. பனிக்கட்டித் திரை உள்ள இரவில் தரையின் வெப்பம் வெளியேறுவது தடைப்படுவதால் வெக்கை மிகும். பனி இறங்குவது குறையும். மெல்லிய திரை பகல் வெயிலைச் சிறிதே குறைக்கும். தடித்த திரை கணிசமாகக் குறைக்குமாதலால், நெல் உலர்வதற்கும் உப்பு விளைவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஒவ்வோர் ஊருக்கும் தக்கபடி இவ்விதிகளைச் சோதித்துச் செம்மைப்படுத்த வேண்டுமாயின் செலவு ஏதுமில்லை. கிராம அதிகாரிகளோ விருப்பமுள்ள நிலக்காரர்களோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்திகள் வரைந்து, நாள், தாழ்ந்த மேகம் செல்லும் திசை, உயர்ந்த மேகம் செல்லும் திசை, வட்டம் தோன்றியதா என்பது, அடுத்த இரண்டு நாட்களில் பெய்த மழை ஆகியவற்றைக் காலையும் மாலையும் குறித்துவரலாம். மழையளவுக்கு வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள தகரக் குவளையை வெட்டவெளியில் வைத்து, அதில் தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தாலே போதும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் இவ்வாறு குறித்துவந்தால், எந்த மாதத்து வட்டம் தம் ஊருக்கு மழை கொண்டுவந்தது, எந்த மாதத்து வட்டம் வெறும் வட்டமாகவே போயிற்று என்பதை அப்புத்தகமே காட்டிவிடும்.